முப்பத்தொன்றாம் எண்

மார்ச் 4

எங்கள் ஆய்வகத்தில் பெருங்குடல் புற்றுநோயாளிகளின் மாதிரிகளுக்குக் குறைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள்தான் அகப்படுவதில்லை. அதனால் வழக்கம்போல நாங்களே மலமும் சிறுநீரும் கொடுத்தோம். பத்தொன்பது வருஷம் படித்தது இதற்குத்தான்! பெயருக்குப் பதில் எண் ஒட்டியாகிவிட்டது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அக்காவிடம் மட்டும். கூடப் பிறந்த அக்கா இல்லை. பதினோரு வருஷமாக ஒரே மேஜை, ஒரே டப்பாச் சாப்பாடு.

ஏப்ரல் 11

உயிரணுவுக்குள் ஆக்சிஜன் கழிவு மிஞ்சினால் மரபணு அரிபடும். அந்தத் துணுக்கு சிறுநீரில் இறங்கும். அதைத்தான் அளக்கிறோம். நோயில்லாதவர்கள் வரிசையில் 31 மட்டும் எகிறி நிற்கிறது. மலத்திலும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். "யாருன்னு பார்த்துச் சொல்லிடலாமே அக்கா?" என்றேன். பட்டியலைப் புரட்டினாள். "மெஷின் கோளாறுடி. அதைத் தூக்கிட்டு வரைபடம் போடு."

இரண்டு மெஷினுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தூக்கினேன். கோடு அழகாக வந்தது.

அக்டோபர் 28

கழிப்பறையில் ரத்தம். மூலமாகத்தான் இருக்கும்.

நவம்பர் 14

மூலம் இல்லை. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. "ரெண்டு மூணு வருஷமா வளர்ந்திருக்கும்மா" என்றார். ஊரார் உடம்பையெல்லாம் அளந்தேன். பயமாக இருக்கிறது.

நவம்பர் 17

விடுப்புக் கடிதம் கொடுக்கப் போனேன். அக்கா கட்டிக்கொண்டு அழுதாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்டி..."

என்னிக்கு?

வாயைப் பொத்திக்கொண்டாள். அலமாரியைத் திறந்து பட்டியலை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. 31 — நான்.

"யாருதுன்னு வெளிய சொன்னா ஆய்வே செல்லாதுன்னுடுவாங்க. மூலமா இருக்கும்னு நினைச்சேன். சத்தியமா."

ஏழு மாசம்! தினமும் எதிர்ல உட்கார்ந்து, என் டப்பாவுல கை விட்டுச் சாப்பிட்டுட்டு — எப்படி முடிஞ்சுது உனக்கு? பாவி. என் கையாலேயே என்னைத் தூக்க வச்சியே.

டிசம்பர் 9

அறுவை முடிந்தது. ஒரு சாண் குடல் போயிற்று. நிணநீர் முடிச்சு நான்கில் பரவியிருக்கிறதாம். ஏப்ரலிலேயே பார்த்திருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார். அப்போதே பரவியிருக்கும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

டிசம்பர் 20

ஆய்வக மேற்பார்வைக் குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வரைபடத்திலிருந்து 31-ஐ நீக்கிய கை என்னுடையது என்பதையும் சேர்த்து. "அவங்க வேலை போயிடுமே" என்றார் வீட்டுக்காரர். போகட்டும். அழுகைதான் நிற்கவில்லை.

பிப்ரவரி 3

மூன்றாம் சுற்று மருந்து. விரல் மரத்துப் பேனா வழுக்குகிறது. அந்த வரைபடத்தோடு வெளியான ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம். என் பெயரும் அதில் இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்து வாசலில் நின்றாள். "உள்ள வரச் சொல்லவா?" என்று வந்து கேட்டார் இவர்.

"நான் தூங்கறேன்னு சொல்லுங்க" என்றேன். அவள் காதில் விழும்படியாகவே சொன்னேன்.