கரண்ட் பட்ட மீனின் முதுகு

இன்று மத்தியானம் மீன் அரிந்துகொண்டிருந்த என் மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். என் மூத்த மகன் மெட்ராஸிலிருந்து ஐஸில் வைத்துக் கொண்டுவந்த கடல் மீன். மேலே ஒரு கீறல் இல்லை. பிளந்தால் நடுமுள் ஓரிடத்தில் முறிந்து, சுற்றிலும் ரத்தம் கறுத்துக் கட்டியிருந்தது. எனக்கு உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது, தோஸ்த்.

மகன் வேலை செய்யும் படகில் புதிதாக ஒரு சோதனை நடக்கிறதாம். கடலுக்குள் கரண்ட்டை விட்டு விட்டு அனுப்பினால், மணலில் பதுங்கிய இறால்கூடத் துள்ளி வெளியே வருமாம். "சாவடிக்க இல்லப்பா, வலைக்கு இழுக்கத்தான்" என்கிறான். நீயும் இதையேதான் சொன்னாய்.

அப்போது நாம் வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஏரியோரத்துக் கிணற்று மோட்டாரிலிருந்து ஒயர் இழுத்து, மூங்கிலில் கட்டி, மீன் பிடிக்க ஏரித் தண்ணீரில் விடுவாய். ஷாப்பில் கழித்துப் போட்ட தோலை முழங்கால்வரை சுற்றிக்கொண்டு இறங்குவாய். கரையிலேயே நிற்கும் என்னைப் பார்த்து, "தோலு கரண்ட்ட உடாதுடா, பயந்தாங்கொள்ளி" என்று சிரிப்பாய். அது உப்புப் போட்டு வைத்திருந்த தோல். நனைந்துவிட்டால் கரண்ட்டுக்கு அது ராஜபாட்டை என்று நம் இருவருக்குமே தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நீ வில்லாக வளைந்து விழுந்தாய். கிணற்றுக்காரர் ஓடிப்போய் சுவிட்சை இறக்கியதால் பிழைத்தாய். நீயேதான் எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தாய். "இன்னாடா, சாவு வீட்ல உக்காந்தாப்ல உக்காந்துனுகீற?" என்று கிண்டல் வேறு. மறுநாள் உன்னால் நிமிர முடியவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். "யாரும் அடிக்கலீங்களே டாக்டர்" என்றேன். கரண்ட் சதையைச் சுண்டி இழுத்த இழுப்பிலேயே எலும்பு முறியும் என்றார்.

படுக்கையில் உனக்கு உன் கவலை கம்மி, மீன் கவலை ஜாஸ்தி. "புடிச்சத துன்னுட்டோம். தப்பிச்சுப் போனதுங்க எந்தச் சேத்துல இப்டி கெடக்குதோ" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். உன்னைப் பற்றி யோசிடா என்று கத்துவேன். அந்தப் படுக்கையிலிருந்து நீ எழவே இல்லை.

இன்று உன் கேள்வியை நான் மகனிடம் கேட்டேன்.

"வலையில சிக்காததுக்கெல்லாம் இன்னாடா ஆவுது?"

"கடல் எம்மாம் பெருசு! அத யாருப்பா போய்ப் பாக்கறது?"

உப்பு ஊறிய ஒரு துண்டுத் தோலே உன்னை அந்தப் பாடு படுத்தியது. அங்கே தண்ணீர் முழுக்க உப்பு. அதற்குள் நண்டும் திருக்கையும் முட்டை சுமக்கும் மீன்களும் இருக்கின்றன. மேலே, ஈரப் பலகையில், என் பிள்ளை நிற்கிறான்.

"உன்ன கரண்ட் ஒன்னும் புடிக்கலியே?"

"போன வாரம் ஈரக் கயிறு வழியா சுரீர்னு இழுத்துச்சு. அப்பறம் ஒன்னும் இல்ல."

சட்டையைக் கழற்றச் சொன்னேன். சிரித்துக்கொண்டே குனிந்தான். கழுத்திலிருந்து ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டு வந்தேன்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"இங்க?"

நடுமுதுகில் கை வைத்தபோது அவன் லேசாக நெளிந்தான்.

காலையில் முதல் பஸ்ஸில் அவனை வேலூருக்கு அழைத்துப் போகிறேன். எதற்கு இந்த பேஜார் என்று முனகுகிறான். நன்றாகத்தான் நடக்கிறான், தோஸ்த். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.