கோச் இரண்டாம் முறை சாப்பிட வந்தது

செவன் கிங்ஸ்,
19 மே 1996

அன்பு மகள் சிவகௌரிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, நான், கடை என்று மூவரும் சுகம். அந்தந்த வயதுக்குரிய நோவுகளோடு நடக்கின்றன. உனக்கும் உன் முழங்காலுக்கும் பிள்ளையார் துணையிருக்கட்டும். புதன்கிழமை போனில் நான் செய்தியைச் சொன்னதும் நீ அழத் தொடங்கிவிட்டாய், அதன்பிறகு நான் சொன்னது ஒன்றும் உன் காதில் ஏறவில்லை. ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். கடிதத்தை வாசித்து அழுதால் போன் பில் ஏறாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டு நிற்கும்போது உன் தலைமைக் கோச் ஹால்வோர்சன் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் வந்தார். எங்கள் வாசல் அந்த உயரத்துக்குக் கட்டியதல்ல. ஏதோ பயிற்சி முகாமுக்கு லண்டன் வந்தாராம், எங்களைப் பார்க்காமல் திரும்பிப் போக மனம் வரவில்லையாம். கல்லாவில் நின்ற பெர்னடெற் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணை, பொம்பிளை கேட்டு வந்த ஆள் மாதிரி நிக்கிறார், உயரம்தான் கொஞ்சம் கூட" என்றாள். அவள் சொன்னதில் அரைவாசி சரி. எட்டு வருசத்துக்கு முன் நீ கிறிஸ்டல் பலஸ் அரங்கில் கூடைப்பந்து விளையாடியதைப் பார்த்துவிட்டு இதே மனிதர் எங்கள் முன்னறையில் வந்து இருந்து உன்னைக் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். அமெரிக்காவில் கல்லூரிக் கோச்மார் அணிக்குப் பிள்ளை பிடிப்பதற்கு இப்படி வீடு வீடாய்ப் போய்த் தாய் தகப்பனோடு இருந்து சாப்பிடுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார், அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டார், கையால் இடியப்பத்தைக் குழைத்துச் சாப்பிட்டார், நாலு வருசமும் உங்கள் மகளுக்கு நான் பொறுப்பு என்றார். வீட்டுக்காரரைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று விளங்கியது. அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் என் முதல் வாடிக்கைக்காரர்களைப் பிடித்தேன். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். உன் முழங்கால் போனபோது உன்னைத் திருப்பி அனுப்பாமல், படிப்பு முடிந்ததும் உதவிக் கோச்சாக வைத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. அம்மா என்னை மறக்க விடுவதுமில்லை.

வேறொரு கல்லூரி உன்னை மூன்று வருச ஒப்பந்தத்தோடு கூப்பிடுகிறது, மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறது என்று நீ சொன்ன நாள் தொடக்கம் இந்த வீட்டில் இரண்டு கட்சி. தாங்கிய மனிதரை விட்டுப் போவது நன்றி கெட்ட வேலை என்பது அம்மாவின் கட்சி. என் கட்சி உனக்குத் தெரியும், போ என்பது. உனக்கு வருசா வருசம் புதுப்பிக்கிற ஒரு பக்கக் கடிதம், அவருக்கு ஐந்து வருச ஒப்பந்தம், ஆனால் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அணி தோற்றுக்கொண்டே இருந்தால் அவரை வேலையில் இருந்து கலைப்பார்கள், கலைத்தாலும் மிச்ச வருசத்துக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்றாய். அப்போது உனக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கை குலுக்குவார்கள் என்றாய். இதற்கிடையில் போன மாதம் நீ சொன்ன ஒரு கதை எனக்குள் கிடந்தது. இந்த வருசம் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தேடி ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை, வேறு கல்லூரிகளில் இருந்து கடைசி வருசக்காரிகள் இரண்டு பேரை மட்டும் எடுத்தார் என்றாய். அது களைப்பு என்று நீ நினைத்தாய். பார்க்கிங் என்ற ஊரில் யோகராஜா கடையை விற்றதை நினைத்துப் பார். விற்கப்போகிறான் என்பது எனக்கு முன்னரே தெரியும். அவன் சொல்லவில்லை, கோயிலில் கேட்ட எல்லோருக்கும் சாகும்வரை பார்க்கிங்தான் என்றான். ஆனால் அவன் கடைத் தட்டுகளில் மெல்ல விற்கிற சாமான் ஒன்றும் புதிதாய் வரவில்லை. பாணும் பாலும் கீரையும் மட்டும் வந்தன. போகப்போகிறவன் அடுத்த வருசம் விற்கிற சாமானை வாங்கமாட்டான். பதினேழு வயதுப் பிள்ளை நாலு வருசம் தட்டில் இருக்கிற சாமான். பிள்ளைகளைச் சாமான் என்கிறேன் என்று கோபிக்காதே, எனக்குத் தெரிந்த பாஷை இது ஒன்றுதான்.

கடையைப் பெர்னடெற்றிடம் விட்டுவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். திரும்பவும் சப்பாத்தைக் கழற்றினார், திரும்பவும் இடியப்பம் கேட்டார். அம்மா சொதியும் சம்பலும் மீன் பொரியலும் வைத்தாள். சாப்பிடும்போதுதான் விசயத்துக்கு வந்தார். மற்றக் கல்லூரிக்குப் போகவேண்டாம் என்று நாங்கள் உனக்குச் சொல்லவேண்டுமாம். இந்தத் தொழிலில் விசுவாசம் என்பது கிடைப்பதற்கு அரிய பொருளாம், உன்னிடம் அது நிறைய இருக்கிறதாம். அம்மா என்னைப் பார்த்தாள், கேட்டீர்களா என்ற மாதிரி. நான் அவரிடம், அடுத்த வருசத்துப் பிள்ளைகளுக்காக இதுபோல எத்தனை வீட்டில் இருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சம்பல் மிக நன்றாக இருக்கிறது என்றார். திரும்பவும் கேட்டேன். இன்னும் கொஞ்சம் சம்பல் போட்டுக்கொண்டார். அது அம்மா செத்தல் மிளகாயை அளவில்லாமல் போட்டு இடித்த சம்பல். கண்ணில் தண்ணீர் ஓட ஓட ஒருவர் அதை இரண்டாம் முறை போடுகிறார் என்றால் அதைவிட உறைப்பான ஒன்று வாய்க்குள் கிடக்கிறது என்று அர்த்தம். சொதிச் சட்டியோடு வந்த அம்மாவுக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். தன்னுடைய ஆங்கிலத்தில், நீங்கள் போகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். அவர் கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார். "ஓம், அம்மா" என்றார், தமிழில். நீ படிப்பித்ததாய் இருக்கும்.

அதன்பிறகு ஒன்றும் மறைக்கவில்லை. பெரிய கல்லூரி ஒன்று அவரைக் கூப்பிட்டிருக்கிறது, ஜூன் நடுவில்தான் கையெழுத்து. அதுவரை நீ அசையாமல் இருக்கவேண்டும். நீ இப்போது போனால் விளையாடுகிற பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், கதை வெளியே போகும், இப்போதைய கல்லூரியும் கூப்பிட்ட கல்லூரியும் அவரைப் பிடித்துக் கேட்கும். அப்படியென்றால் அவளையும் கூட்டிப்போவீர்களா என்றேன். முயற்சி செய்வேன் என்றார். வேலை கேட்டு வருகிற சொந்தக்காரப் பொடியன்களுக்கு நானும் அந்தச் சொல்லைத்தான் சொல்லி அனுப்புகிறேன். அவர் இடத்துக்குப் புதிதாய் வருகிற தலைமைக் கோச் தன் ஆட்களோடு வருவார், ஜூலையில் நீ வெளியே நிற்பாய், அதற்குள் மற்றக் கல்லூரி வேறு ஆளை எடுத்திருக்கும். இதை உனக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகளுக்கு மறைக்க ஏலாது, அவளைத் தவிர வேறு ஒருவருக்கும் வாய் திறக்கமாட்டேன் என்றேன். அது நியாயம் என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவருக்கும் இரண்டு வருசம் தோல்வி, இன்னொரு வருசம் தோற்றால் அவரையே கலைப்பார்கள், கலைக்கமுன் நல்ல விலைக்குப் போகிறார். நானும் போயிருப்பேன். அம்மாதான் இரண்டு நாள் சட்டிகளை அடித்து வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் பருப்புக் கழுவிக்கொண்டு, "போறது பிழையில்லை. எங்கட பிள்ளையைக் கதவுக்கு முட்டுக் குடுத்திட்டுப் போறதுதான் பிழை" என்றாள். வீட்டில் இப்போது ஒரு கட்சி.

ஆகவே நீ மற்றக் கல்லூரிக்குப் போ. முதலில் ஒப்பந்தத்தைத் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டு, தலைமைக் கோச் மாறினாலும் உன் மூன்று வருசம் நிற்குமா என்று கேள். நிற்காது என்றால் அதுவும் ஒரு பக்கக் கடிதம்தான், பேப்பர் மட்டும் தடிப்பு. ஆனால் நீ அழுதுகொண்டு சொன்ன ஒன்று என்னை விடவில்லை. "போன வருசம் என்னை நம்பி மூண்டு பிள்ளையள் வந்திருக்கினம் அப்பா, அவையின்ர வீடுகளில நான் இருந்து சாப்பிட்டனான்" என்றாய். கடையில் நின்று யோசித்தேன், பெர்னடெற் இரண்டு பேருக்குப் பிழையான மிச்சக் காசு கொடுத்ததையும் கவனிக்கவில்லை. நான் ஹால்வோர்சனுக்குக் கடமைப்பட்டிருப்பதைவிட நீ அந்த மூன்று வீட்டுக்கும் கடமைப்பட்டிருக்கிறாய். அதற்காக அங்கேயே நின்றால் ஜூலையில் அவர்களுக்கும் நீ இல்லை, உனக்கும் வேலை இல்லை. ஆனபடியால் போகமுன் அந்த வீடுகளுக்குப் போ. போனில் சொல்லாதே. சோளம் விதைக்கிற தகப்பன் வீடு தூரம் என்று சொன்னாய், தூரம் என்றாலும் போ. முதல் போனபோது இருந்த அதே கதிரையில் இருந்து, நாலு வருசம் என்று சொன்னேன், நான் போகிறேன், என்று சொல்லு. உன் விசயத்தை மட்டும் சொல்லு, கோச்சின் விசயத்தை அவர் சொல்லட்டும். ஏசுவார்கள், கேட்டுக்கொண்டிரு. சாப்பாடு தந்தால் சாப்பிடு, தராவிட்டால் பசியோடு வா. ஹால்வோர்சனும் எங்கள் வீட்டுக்கு வந்துதான் சொன்னார், ஆனால் அம்மா கேட்டபிறகுதான் சொன்னார். நீ அவர்கள் கேட்கமுன் சொல்லு.

நோர்பரியில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்தேன், வேண்டாம் என்று விட்டேன், பக்கத்தில் ஏற்கெனவே நம் ஆட்கள் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட, தனக்கு இல்லை என்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் பூசு, குளிரில் உறை போடு, மூன்று வீட்டுக்கும் கார் ஓடும்போது இடையில் இறங்கி நட. எங்கே வேலை செய்தாலும் நேராய் நிற்கிற பலத்தைக் கடவுள் உனக்குத் தரட்டும், அம்மாவும் நானும் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மறக்காதே. அன்றைக்கு அவர் வெளிக்கிடும்போது அம்மா பயித்தம் பணியாரத்தை நீலமூடி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் ஏன் என்று கேட்டேன், பிள்ளையைப் பார்த்த மனிசன் என்றாள். அவர் அங்கிருந்து போகமுன் டப்பாவை வாங்கி வை. எட்டு வருசத்துக்கு முன் கொண்டுபோனதும் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
சி. பரமேஸ்வரன்