கமிஷனர் சுடும் பான்கேக்

ஊருக்கே கமிஷனராகிவிட்டவருக்கு,

நான் அக்கா வீட்டுக்கு வந்தபோது கிடந்த பனி உருகி, சேறும் காய்ந்துவிட்டது. எப்போது கிளம்புகிறாய் என்று அக்கா கேட்பதில்லை.

நீங்கள் தேர்தலில் ஜெயித்து, நம் மாவட்டத்தை நிர்வகிக்கும் கவுண்டி கமிஷனராகப் பதவியேற்றதை வானொலியில் கேட்டோம். இருபது வருடமாகத் தன்னார்வத் தீயணைப்பு வீரர் என்றார்கள். அது தெரியாதா எனக்கு? சங்கு ஊதினால் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவரோடுதானே குடித்தனம் நடத்தினேன்! ஆனால் கடைசியாக ஒன்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கெல்லாம் பான்கேக் சுடுவது நீங்கள்தானாம். அந்த நேரத்தில் நான் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் அங்கே மேஜை துடைப்பதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷன்னு சொன்னியேடி!"

யார் சொல்லிக்கொடுத்தது? ஓரம் மொறுமொறுவென்று வருமா? சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஞாயிறு அக்கா என்னைக் காரில் கொண்டுவந்து விடுகிறாள். திரும்ப அழைத்துப்போவதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. தட்டோடு வரிசையில்தான் நிற்பேன், முன்னால் கூப்பிடாதீர்கள். எல்லோரையும் கேட்பதுபோல எத்தனை வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கையால் இன்னும் சாப்பிடாத ஒரே வாக்காளர்