சீட்டுக்கு அடியில் இருந்த ஒயர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. போன வாரமே மருமகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நீ மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லையாம். லிப்ட் கம்பெனியிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டும், "இனிமே ஒயரைத் தொடமாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டாயாம். அப்பாவின் புல் வெட்டும் டிராக்டருக்கு நீ போட்டுக்கொடுத்த ஒயரிங் படத்தை தினமும் புதுத் தாளில் வரைந்து, எங்கே தப்பு என்று தேடுகிறாயாம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறாயாம்.

தேடாதே. படத்தில் தப்பு இல்லை.

இதைப் போனில் சொல்ல நாலு நாளாகப் பார்க்கிறேன். உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறேன். மழை வந்ததா, குழந்தைக்குச் சளி விட்டதா என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

பழைய இன்ஜின் இறுகிப்போனதும் நீ வேறு இன்ஜினை லாரியில் ஏற்றி அனுப்பினாய், கூடவே படத்தையும். முப்பது வருஷம் ரேடியோ கம்பெனியில் சால்டரிங் பிடித்தவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நான்தான் அலட்டிக்கொண்டேன். அப்பா ஸ்பானரைப் பிடித்தார், நான் ஒயரைப் பிடித்தேன். சண்டை போட்டுக்கொண்டே இரண்டு நாளில் முடித்தோம். பழைய இன்ஜின் பேட்டரி கரண்டை வெட்டினால் நிற்கும், இது கருப்பு ஒயர் வண்டியின் இரும்பில் தொட்டால்தான் நிற்கும் என்று நீ எழுதியிருந்ததை நாலு முறை படித்த பிறகே கை வைத்தேன். பழைய வண்டியில் இல்லாத ஒன்றையும் நீ சேர்த்திருந்தாய். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் அமுங்கி ஒயரை விலக்கி வைக்கும், ஆள் எழுந்தால் ஒயர் இரும்பைத் தொட்டு இன்ஜின் நின்றுவிடும். சரிவில் ஓட்டுகிற மனுஷன் இது இல்லாமல் ஏறவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். அதையும் அப்படியே மாட்டினேன்.

வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா எவ்வளவு இளைத்துப்போனார் என்பதை உன்னிடம் நான் சரியாகச் சொல்லவில்லை. நாற்பத்தோரு கிலோ. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் சுவிட்ச் மேலே எழும்பிவிடும், இன்ஜின் நின்றுவிடும். சாவியைத் திருப்பிப் பத்தடி போவதற்குள் மறுபடி நிற்கும். "இந்த சீட்டுக்கு நான் ஒரு ஆளாவே தெரியலடி" என்று சிரித்தார். ஒரு நாள் மடியில் மணல் மூட்டையை வைத்துக்கொண்டு ஓட்டினார். எதிர் வீட்டு லாரிக்காரர் வேலியோரம் நின்று, "என்ன பெரியவரே, மடியில பேரனா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அன்று மதியம் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எந்த வேலையைக் கேட்டாலும் டாக்டர் கூடாது என்று சொன்ன பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது தோட்டத்தில் புல் வெட்டுகிற அந்த ஒரு வேலைதான்.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் சீட்டைத் தூக்கி அந்த ஒயரைப் பிடுங்கினேன். நுனி எங்கேயும் தொட்டுவிடாதபடி கருப்பு டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளினேன். சாவியைத் திருப்பினால் நிற்கத்தானே போகிறது என்று நினைத்தேன். அவரிடம் சுவிட்சைச் சரி பண்ணிவிட்டதாகச் சொன்னேன். பதினோரு நாள் தடங்கல் இல்லாமல் ஓட்டினார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் வருவார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அன்று காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் இன்ஜின் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சரிவில் விழுந்ததும், வண்டி அவர் மேல் ஏறியதும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. வண்டி வேலியில் போய் முட்டிய பிறகுதான் பார்த்தேன். நீ சொன்னபடி விட்டிருந்தால் அவர் விழுந்தவுடன் சத்தம் நின்றிருக்கும், நானும் ஓடியிருப்பேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். லாரிக்காரர் அப்பாவை வேனில் படுக்க வைத்தபோது, ஆஸ்பத்திரி ஃபைலை எடுக்க நான் வீட்டுக்கு ஓடினேன். வழியில் வேலியோரம் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. சீட்டைத் தூக்கினேன், டேப்பை உரித்தேன், ஒயரைத் திரும்பச் செருகினேன். பதற்றத்தில் கை தானாகச் செய்தது என்று சொன்னால் அது பொய். உனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், யோசித்துத்தான் செய்தேன்.

அப்பாவின் காரியத்துக்கு வந்த நீ அந்த சுவிட்சை ஐம்பது முறை சோதித்தாய். "அம்பது தடவையும் நிக்குதும்மா, அப்பாவுக்கு மட்டும் நிக்கலையே" என்று அழுதாய். நீ வாங்கி அனுப்பிய சுவிட்ச்தான் ஒரு தடவை சிக்கிக்கொண்டது என்று நீயே முடிவு கட்டினாய். நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்குச் செய்தது அறியாமல் செய்தது. உனக்குச் செய்தது அப்படி இல்லை. பெற்ற பிள்ளை மேல் பழியை ஏற்றிவிட்டு, ஊருக்குப் போகும்போது பத்திரமாகப் போ என்று வழியனுப்பினேன்.

உன்னைத் தேற்ற அம்மா கதை கட்டுகிறாள் என்று நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் அந்த டேப் துண்டை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். அன்று சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பையில் போட்டது, அங்கேயே இருந்தது. விரித்துப் பார். ஒயர் நுனியில் மாட்ட நீ அனுப்பிய கிளிப்பின் அச்சு உள்பக்கம் பதிந்திருக்கிறது, இரண்டு புல் விதையும் ஒட்டியிருக்கிறது. தொழில் தெரிந்தவன் நீ, பார்த்ததும் புரியும்.

மருமகளிடம் இதைப் படித்துக் காட்டு. நாளைக்கே வேலைக்குப் போ. என்னோடு பேச உனக்கு மனம் வரும்போது வரட்டும், வராமலே போனாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். தட்டை மட்டும் தள்ளி வைக்காதே. உன் கை நல்ல கை, கண்ணா. அதற்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
அம்மா