வெட்டப்பட்ட நான்காவது பத்தி

மார்ச் 3

ஆசிரியர் அவர்களுக்கு,

1. ஜனவரி 9: போர் விமான ரேடார்களின் கண்டறியும் தூரங்களை ஒப்பிட்டு உங்கள் இதழுக்கு ஓர் அட்டவணை தந்தேன். அதன் நான்காவது பத்தியில், அதாவது நெடுவரிசையில், ஒவ்வொரு தூரமும் எந்தப் பருமனுள்ள இலக்குக்கானது என்பது இருந்தது.

2. பிப்ரவரி 1: அந்தப் பத்தியை வெட்டிவிட்டு, என் பெயரிலேயே அச்சிட்டீர்கள். நம் விமானத்தின் 200 கிலோமீட்டர் பெரிய இலக்குக்கானது. அயல் விமானத்தின் 160, அதில் ஐந்தில் ஒரு பங்கேயான சிறிய இலக்குக்கானது. லாரியைக் கண்ட தூரத்தையும் சைக்கிளைக் கண்ட தூரத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தி வெற்றி அறிவித்திருக்கிறீர்கள். சிறிய இலக்கென்றால் நம்முடையது 134 மட்டுமே.

3. பிப்ரவரி 20: தொலைபேசியில் கேட்டேன். சிரித்தீர்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகள் ரேடார் அளந்தவன் நான். அந்தப் பக்கத்தைத் தொடவே கை கூசுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கீங்களே, மாப்பிள்ளைன்னு கூப்பிட மனசு வரலையா? நம்ம விமானம் ரெண்டாவதா நின்னா எந்த வாசகன் அந்தப் பக்கத்தைப் பார்ப்பான்? கொஞ்சம் ஊதினதுல குடியா முழுகிடுச்சு?

உங்க மருமகளே அதை வெட்டி விடுதி அறைக் கண்ணாடியில ஒட்டியிருக்கா. பாவம், விமானிப் பயிற்சியில என் பொண்ணு தோத்துட்டா மச்சான். தரையிலேயே ஓட்டிப் பழகுற சிமுலேட்டர் விமானத்துல எதிரியை ரொம்ப லேட்டாப் பார்த்தாளாம். தன் கண்ணே மந்தம்னு வெள்ளிக்கிழமை விலகல் கடிதம் கொடுக்கப் போறா. நாலு வார்த்தை ஆறுதலா எழுதுங்களேன்.

உங்க மாப்பிள்ளை


மார்ச் 11

ஆசிரியர் அவர்களுக்கு,

அவளிடம் பேசினேன். 200-இல் தெரியும் என்று நம்பி நேரே பறந்திருக்கிறாள். எதிரே வந்தது சிறிய இலக்கு. 134-இல் திரையில் புள்ளி விழுந்த நொடியிலேயே கண்டிருக்கிறாள். ரேடார் காட்டாததை எந்தக் கண் காணும்?

சொன்னேன், நம்பவில்லை. "அச்சுல உங்க பேர்லதானே மாமா 200-ன்னு இருக்கு? எனக்காக இப்ப மாத்திச் சொல்றீங்க" என்று அழுகிறாள். என் பெயரைக் கொண்டே என் வாயை அடைத்துவிட்டீர்கள். மகள் தன் கண்ணையே குறை சொல்ல விட்டுவிட்டு, என்னிடம் ஆறுதல் கேட்கிறீர்கள்.

‘பத்தியை வெட்டியது நானே’ என்று உங்கள் கையெழுத்தில் அவளுக்கு எழுதுங்கள். வெள்ளி காலை ஒன்பதுக்கு அவள் விலகல் கடிதத்தில் கையெழுத்திடுகிறாள். உங்கள் கடிதம் அவளிடமும் நகல் என்னிடமும் மார்ச் 13, வியாழன் மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய மாமா