சர்வீஸ் போட மட்டும்

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நல்லா இருக்கேம்மா என்று சொல்லிவிட்டு, அப்பா மாத்திரை போடுறாரா, தம்பி ஒழுங்கா இருக்கானா என்று பேச்சை எங்கள் பக்கம் திருப்பிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

தம்பிக்கு மறுபடியும் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், நான் வேலைக்குக் கிளம்பும்போது அவன் வந்து படுக்கிறான், ஒரே வீட்டில் இருந்துகொண்டு விருந்தாளி மாதிரி பார்த்துக்கொள்கிறோம். சித்தி மகளுக்கு இது ஏழாம் மாதம், உன்னைக் கேட்டாள். எங்கள் சலவைக்கடையில் புதிதாக ஒரு நீராவி இஸ்திரி வந்திருக்கிறது, பழையதைவிடக் கனம், சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு விட்டுப்போகிறது. இதெல்லாம் இருக்கட்டும். உன் ஆட்டம் வரும் நாளில் தண்ணீர்க் கூஜாவில் போனைச் சாய்த்து வைத்து நானும் அப்பாவும் பார்ப்பது உனக்குத் தெரியும். பந்து கீழே விழுந்தால் யாருக்கோ ஒரு புள்ளி, எங்கள் வாலிபால் ஞானம் அவ்வளவுதான். உங்கள் கிளப் அணியில் ஒருத்தி மட்டும் ஏன் வேறு நிறச் சட்டை போட்டிருக்கிறாள் என்று நான் கேட்டதற்கு, பாவம் துவைச்சது காயல போல என்றார் உன் அப்பா. நானும் சலவைக்கடைக்காரிதானே, நம்பிவிட்டேன். இந்தச் சீசனில் நீ சர்வீஸ் போடும்போது மட்டும் இறங்கி, கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விடுவதைப் பார்த்து, முக்கியமான நேரத்துக்குன்னு எடுத்து வெச்சிருக்காங்க, பெரிய ஆளாயிட்டா என்றார். அதையும் நம்பினேன். கடை முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். கல்லாவில் இருக்கும் அம்மா கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

போன வாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் பிள்ளைகளின் சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டாள். அதில் ஒன்று மட்டும் வேறு நிறம். சும்மா இருக்காமல், உங்க அணியிலயும் ஒண்ணு காயலையா என்று கேட்டுவைத்தேன். அவள் சிரித்து ஓய்ந்ததும் எங்கள் அறுந்த பொத்தான் டப்பாவை இழுத்து, இஸ்திரி மேசை மேல் ஆறு பொத்தானைப் பரப்பிவிட்டாள். வலைக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. எதிர் அணி போட்டுக்கொண்டிருந்த சர்வீஸ் நம் கைக்கு வந்தால் எல்லோரும் கடிகார முள் போகிற பக்கம் ஓரிடம் நகர வேண்டும், வலது பின் மூலைக்கு வருகிறவள் சர்வீஸ் போட வேண்டும். பந்தை மூன்று தொடுதலுக்குள் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும், ஒருத்தியே அடுத்தடுத்து இரண்டு தடவை தொடக்கூடாது, வலையில் தடுக்கக் கை வைத்தால் அது மட்டும் கணக்கில் வராது. முன்வரிசைக்காரிகள்தான் வலை ஓரத்தில் எகிறி அடிக்கலாம், எகிறித் தடுக்கலாம். வேறு நிறச் சட்டைக்காரிக்கு லிபரோ என்று பேராம், பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுப்பதற்கே இருக்கிறாளாம். எனக்கு ஒரே குஷி. இத்தனை நாள் ஏன் நிற்கிற இடத்தில் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று உன் அப்பா உங்களைத் திட்டியதற்கெல்லாம் இன்று விடை சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குஷியில்தான் கேட்டேன், சர்வீஸ் போட மட்டும் ஒருத்தியை இறக்கினா அதுக்கு என்ன அர்த்தம்னு. ஒரு நீலப் பொத்தானை உள்ளே வைத்து எடுத்துக் காட்டினாள். ஒருத்திக்குப் பதிலாக உள்ளே வந்தவள், பழையவள் திரும்பி வந்ததும் வெளியே போனால், அந்தச் செட்டில் மறுபடி இறங்க முடியாதாம். சர்வீஸ் நல்லா போடுறவங்களை அப்படி வெச்சுக்குவாங்க அக்கா, அது பெருமைதான் என்றாள். பிறகு, முன்னாடி உங்க பொண்ணு எங்க நின்னு ஆடினாங்க என்று கேட்டாள். நான் பொத்தானை வலைக்குப் பக்கத்தில் இடது ஓரத்தில் வைத்து, இங்க எகிறி அடிக்கிறவ என்றேன். அவள் அந்தப் பொத்தானைப் பின்வரிசைக்கு நகர்த்தினாள். அப்புறம் மெதுவாக, அவங்களுக்கு முட்டி எப்படிக்கா இருக்கு என்றாள். உன் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை சிட்டு. முட்டி என்று நான் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஆட்டங்களைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். நீ முன்வரிசைக்கு நகர வேண்டிய முறை வந்ததும் உன்னை வெளியே எடுத்துவிடுகிறார்கள், ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஓடி வந்து எகிறி சர்வீஸ் அடிக்கிறவள் இப்போது நின்ற இடத்தில் நின்று போடுகிறாய். முட்டியில் போட்டிருக்கும் கறுப்பு உறை எல்லாரும் போடுறதுதாம்மா என்று சொன்னாயே, எல்லோரையும் பார்த்தேன், இரண்டு காலிலும் ஒரே மாதிரி போட்டிருக்கிறார்கள், உனக்கு மட்டும் வலது காலில் தொடை வரைக்கும் இருக்கிறது. நேற்றைக்கு முந்தைய ஆட்டத்தில் ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்தாய். எல்லோரும் பந்து போன பக்கம் ஓடினார்கள். திரையின் ஓரத்தில் நீ எழுந்திருப்பது தெரிந்தது, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வலது காலை மடக்காமல். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியாமல் கைதட்டிக்கொண்டிருந்த நாட்களே நன்றாக இருந்தன, எதற்குத்தான் கற்றுக்கொண்டேனோ.

உனக்கு என்ன புத்தி சொல்வதென்றும் தெரியவில்லை. டாக்டரிடம் காட்டு என்றால் ஆடாதே என்பார், ஆடாவிட்டால் கிளப்பில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், படிப்பைப் பாதியில் விட்டுப் போனவள் இங்கே வந்து என்ன செய்வாய். மறைத்துக்கொண்டு ஆடினால் இருக்கிற காலும் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறது. இருந்தாலும் காட்டு. நடக்கக் கால் இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. நீ உள்ளே இறங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிற மனிதரிடம் இதை எந்த வாயால் சொல்வது. நேற்றும் ஆட்டம் இருந்தது. உன்னை இறக்கவே இல்லை. ஏன் இன்னும் கூப்பிடல, ஏன் இன்னும் கூப்பிடல என்று அவர் கடைசிப் புள்ளி வரைக்கும் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான், கூப்பிடக்கூடாது, இன்று என் பெண்ணைக் கூப்பிடவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பெற்றவள் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது சிட்டு.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல், காலூன்றி நடந்து நெடுநாள் நன்றாக இரு. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. பதிலை வீட்டுக்கு எழுதாதே, அப்பா பிரித்துவிடுவார், கடை விலாசத்துக்கு எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா