பெட்டியில் என் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கதூனா வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நம் குதாயிசியில் பனி விட்டதா? நான் ஜெர்மனிக் குளிருக்குப் பழகிவிட்டேன்.

பயப்படாமல் படியுங்கள், சிரிக்கத்தான் எழுதுகிறேன். சம்பளம் வங்கிக்கு வந்தும், அதை எடுக்கும் அட்டை வரவில்லை. வங்கிக்குப் போய்க் கேட்டால், "தபால்ல அனுப்பினோம், அந்த விலாசத்துல அப்படி யாரும் இல்லன்னு திரும்பி வந்துடுச்சு" என்றார்கள். மூடுபனிக்குள் நடந்து திரும்பும்போது, நான் இங்கே வரவே இல்லையோ, ரியோனி ஆற்றங்கரையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடி கனவு காண்கிறேனோ என்று தோன்றியது. அந்த நினைப்பும் சுகமாகத்தான் இருந்தது.

கீழ்வீட்டு பிராண்டிஸ் அம்மாதான் கண்டுபிடித்தார். "ஏம்மா, தபால் பெட்டியில பேர் ஒட்டினியா?"

"எந்த மாடின்னு விலாசத்துல இருக்கே!"

"மாடிய யாரு பாத்தா? பெட்டியில பேர் இல்லன்னா இந்த ஊர்ல நீ பேய்தான், போ!"

நம் தபால்காரர் சந்தையிலேயே என்னைத் தேடிப்பிடித்துக் கடிதம் தருவாரே, அந்த நினைப்பில் இருந்துவிட்டேன். பிராண்டிஸ் அம்மாவே என் பெயரை எழுதி ஒட்டினார். அட்டையும் வந்துவிட்டது.

ஆனாலும் தினமும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்சார ரசீதுதான் கிடக்கிறது. அப்பா, குழம்பில் போட நான் கொண்டுவந்த நம் ஊர்ச் செண்டுமல்லிப்பூப் பொடி தீர்ந்துபோய்க் கோழிக் குழம்பு மணக்கவே இல்லை. கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே வருகிறவர்கள் யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், தபாலிலேயே போடுங்கள். உறைமேல் என் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது.

உங்கள்
கதூனா